என் ‘ஆனா’வைக் காணோம்: அதிபர் தேர்தல் செய்திகளும் நாங்களும்

அடையாறு பென்ஷன்காரர்:

2024 ஜூலை 22, திங்கட்கிழமை காலை. முந்தின நாள் ராத்திரிதான் பைடன் அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலேர்ந்து விலகி, கமலா ஹாரிஸ் பேரைச் சொல்லியிருந்தார். எலியட்ஸ் பீச்சுல ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கிட்ட என் மூணாவது ரவுண்டு போயிட்டிருக்கு. லோகோ மாட்டின மைக்கோட ஒரு பையன் ஓடி வந்தான். “சார், ஒரு பைட் குடுங்க சார். கமலா ஹாரிஸ் சின்ன வயசுல தாத்தாவோட இந்த பீச்சுலதான் நடந்தாங்களாம். எப்படி ஃபீல் பண்றீங்க?”

காலங்கார்த்தால ஒருத்தன் நம்ம கருத்தைக் கேட்டா விடுவேனா? நின்னு நிதானமாச் சொன்னேன். “ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா, அவங்க அம்மா ஷியாமளா கோபாலன் 1958ல படிக்கப் போனவங்க. இவங்க பிறந்தது, அரசியல் பண்றது எல்லாம் அங்க. நம்ம ஊர்ப் பொண்ணுன்னு நமக்குத் தனியா ஒண்ணும் செஞ்சுடப் போறதில்ல. கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான்னு உச்சவரம்பு இருக்கு. நம்ம பசங்க வருஷக்கணக்கா வரிசையில நிக்கிறாங்க. மூணரை வருஷமா துணை அதிபரா இருக்காங்களே, அந்த வரிசை நகர்ந்துச்சா? அதைக் கேளுங்க.” மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்கும். பையனும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கிட்டான்.

சாயங்காலம் பேத்தி கத்தினா, “தாத்தா, டிவியில நீ!” பின்னணியில நாதஸ்வரம். பீச், அலை, ஒரு நாய். அப்புறம் நான்: “ரொம்ப சந்தோஷம் தம்பி.” அவ்வளவுதான். அடுத்த ஷாட்டுல யாரோ லட்டு ஊட்டிக்கிறாங்க. கீழே பட்டையில என் பேருக்குப் பக்கத்துல “கமலா ஹாரிஸ் குடும்ப நண்பர்”னு போட்டிருந்தாங்க.

குடும்ப நண்பர்! நான் அந்தக் குடும்பத்து ஆளுங்க ஒருத்தரைக்கூட நேர்ல பார்த்ததில்ல. மறுநாள் கும்பகோணத்திலேர்ந்து மைத்துனன் போன். பொண்ணுக்கு விசா இண்டர்வியூவாம், “ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூடாதா அத்தான்?”

லேபிளைக்கூட மன்னிச்சுட்டேன். என் ‘ஆனா’வை எங்க கொண்டுபோய்ப் போட்டாங்க? இந்த மாதிரி மாட்டினவங்க இருந்தா சொல்லுங்க. அமெரிக்காதான்னு இல்ல, எந்த நாட்டு அதிபர் தேர்தலா இருந்தாலும் சரி.


டெஸ்க்கில் இருந்தவன்:

சார், அந்த ‘ஆனா’வை வெட்டுகிற வேலையைத்தான் நான் ஒரு நாளிதழில் பதினோரு வருஷம் பார்த்தேன். பத்திரிகை பெயர் வேண்டாம்.

யாரும் வந்து “இவரைத் தூக்கு, அவரைத் தாழ்த்து” என்று சொல்ல மாட்டார்கள். நியூஸ் ஏஜென்சி காப்பி ஆங்கிலத்தில் வரும். அதில் இரண்டு பேருக்கும் ஒரே வினைச்சொல், ‘சொன்னார்’. தமிழுக்கு வரும்போதுதான் கை விளையாடும். கமலா ‘பதிலடி கொடுத்தார்’, டிரம்ப் ‘உளறினார்’. கமலா ‘சாடினார்’, டிரம்ப் ‘புலம்பினார்’. ஒருநாள் ஒரே பக்கத்தில் இந்த நாலையும் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டேன். மூன்று நானே போட்டது.

எதிர்ப் பக்கமும் உண்டு. ஜூலை 13, பென்சில்வேனியா பட்லரில் டிரம்ப்பைச் சுட்டார்களே, அப்போது நம் ஊரில் 14ஆம் தேதி விடியற்காலை 3.41. சிட்டி எடிஷன் அச்சாகி வேன் ஏறிவிட்டது. ஞாயிறு பேப்பரில் ஒரு வரி கிடையாது. “ஏன் மறைச்சீங்க?” என்று காலை ஏழு மணியிலிருந்து போன். ஒருவர் சந்தாவை நிறுத்தப் போவதாக மிரட்டினார். அங்கே சிஎன்என் முதல் சில நிமிஷங்களில் ‘டிரம்ப் கீழே விழுந்ததையடுத்து மேடையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்’ என்ற பொருளில் தலைப்பு போட்டு இன்றுவரை திட்டு வாங்குகிறது. கேட்டது துப்பாக்கிச் சத்தமா என்று உறுதியாகாமல் டெஸ்க்கில் இருப்பவன் அப்படித்தான் எழுதுவான், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் காதில் ரத்தத்தோடு கையை உயர்த்தி நிற்கும் மனிதனை உலகமே பார்த்த பிறகும் அந்தத் தலைப்பைப் படிப்பவனுக்கு அது சதி என்றுதான் தோன்றும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை உறுத்துவது அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கதை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் ஆன் செல்சரின் கருத்துக்கணிப்பு வந்தது: கமலா 47, டிரம்ப் 44. அந்தம்மாவின் கணிப்புக்கு அங்கே பெரிய மரியாதை. நான் போட்ட தலைப்பு ‘டிரம்ப் கோட்டையில் கமலா முன்னிலை’. பிழை வரம்பு 3.4 புள்ளி, அதாவது முன்னிலையே இல்லாமலும் போகலாம் என்பது நாலாவது பத்தியில் இருந்தது. ராத்திரி பத்தரைக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. நாலாவது பத்தி போனது. அயோவாவில் டிரம்ப் 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.


கேமரா தோள்:

நான் கேமரா. 2024ல துளசேந்திரபுரம் மூணு ட்ரிப். மன்னார்குடி பக்கத்துல, கமலாவோட தாத்தா பி.வி. கோபாலன் ஊரு. தர்மசாஸ்தா கோயில் கல்வெட்டுல நன்கொடை குடுத்தவங்க பேரோட கமலா பேரும் இருக்கு, அதை க்ளோசப் எடுக்காத சேனல் கிடையாது.

ஜூலை கடைசியில போனப்ப ஊர்க்காரங்களைவிட மைக் அதிகம். வெடி வெடிச்சாங்க. வேற சேனல் லேட்டா வந்துச்சு, அவங்களுக்காக மறுபடி வெடிச்சாங்க. தேங்காயும் அப்படித்தான், ரெண்டு டேக். ஒரு பெரியவர் வந்து என் லென்ஸ் முன்னாடி நின்னு, “தம்பி, ஜூன் 12 திறக்க வேண்டிய மேட்டூர் இன்னும் திறக்கல, வாய்க்கா காஞ்சு கெடக்கு, அதை எடு”ன்னாரு. எடுத்தேன், நல்ல ஷாட். சென்னைக்கு ஃபீட் அனுப்பினேன். “இது வேற பேக்கேஜ்டா”ன்னாங்க. அந்த வேற பேக்கேஜ் வரவே இல்ல. அணை ஜூலை 28தான் திறந்தாங்க.


வடபழனி வாடகை வீடு:

2016 நவம்பர் 9. ராத்திரிதான் ஐநூறு, ஆயிரம் செல்லாதுன்னாங்க. காலையில பேங்க் பூட்டு, ஏடிஎம் பூட்டு. ரூமுக்குக் கீழ டீக்கடையில கடன் சொல்லி டீ வாங்கிட்டு நிக்கிறேன். டிவியில கீழ ஓடற ஸ்க்ரோல்ல மோடி, மேல படத்துல அமெரிக்க ஓட்டு எண்ணிக்கை. நியூயார்க் டைம்ஸ் கணக்குல ஹிலாரிக்கு 85 சதவீத வாய்ப்புன்னு முந்தின நாள்தான் படிச்சிருந்தேன், அதை நம்பி ஆபீஸ்ல பிரியாணிக்குப் பந்தயம் கட்டியிருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு டிரம்ப்புன்னு சொல்லிட்டாங்க. கடைக்கார அண்ணன், “உன் ஐநூறும் போச்சு, அந்தம்மாவும் போச்சு”ன்னாரு. மிச்சம் 15 சதவீதம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. பிரியாணிக்காரன் நூறு ரூபா நோட்டாத்தான் வேணும்னான்.


திருவல்லிக்கேணி டீச்சர்:

எல்லோரும் அமெரிக்காவையே சுற்றுகிறீர்கள். நம் குடியரசுத் தலைவர் தேர்தலை யாரும் பேசவில்லையே.

2002. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தேர்தல் செய்திகளை வெட்டிச் சார்ட்டில் ஒட்டச் சொன்னேன். அப்போது கலாம் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கிண்டி வரைக்கும் போனால் பார்த்துவிடலாம் என்கிற தூரத்தில் ஒரு வேட்பாளர். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. சார்ட் முழுக்க கலாம். ராமேஸ்வரம், சின்ன வயதில் பேப்பர் போட்டது, வீணை, தலைமுடி. தலைமுடிக்கு மட்டும் மூன்று கட்டிங்.

சார்ட்டின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு படம். ஒரு பையன் கேட்டான், “மிஸ், இந்தப் பாட்டி யாரு?”

கேப்டன் லட்சுமி. இடதுசாரிகள் நிறுத்திய வேட்பாளர், வயது 87. இதே மதராசில் பிறந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தவர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தளபதி. அவருடைய அம்மா அம்மு சுவாமிநாதன் 1952இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனவர். கடல் தாண்டி இருப்பவரை நம் ஊர்ப் பொண்ணு என்று கொண்டாடும் நமக்கு, நிஜமாகவே இந்த ஊரில் பிறந்த ஒருத்தி நின்றபோது அரைப் பத்தி மட்டுமே மனசு வந்தது.

கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு, அவருக்கு 1,07,366. ஓட்டுப் போடுவது எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும்தான், பத்திரிகை பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. நானும் மனசுக்குள் கலாம் கட்சிதான், ஒளிப்பானேன். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு வகுப்பு முழுவதும் போனது, போர்ஷன் முடியவில்லை.


முகப்பேர் அம்மா:

எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப் ரெண்டாப் பிளந்த கதை இது. பையன் டல்லாஸ், டிரம்ப் கட்சி. பொண்ணு நியூஜெர்சி, கமலா கட்சி. நடுவுல நான் குட் மார்னிங் படம் போட்டுட்டிருப்பேன்.

2024 அக்டோபர்ல பையன் ரெண்டு வீடியோ அனுப்பினான். ரெண்டும் சிபிஎஸ் டிவி. நெதன்யாகு பத்தின ஒரே கேள்வி. ஞாயித்துக்கிழமை முன்னோட்டத்துல கமலா இழுத்து இழுத்து ஒரு பதில் சொல்றாங்க. திங்கட்கிழமை ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில வேற பதில், சுருக்கமா, நறுக்குன்னு. “பாரும்மா, வெட்டி ஒட்டி அவங்களைப் புத்திசாலியாக் காட்டறாங்க.” பொண்ணு உடனே, “எல்லாப் பேட்டியையும்தான் வெட்டுவாங்க, உன் ஆளு பேட்டிக்கே வரலையே.” அதுவும் நெஜம்தான், டிரம்ப் அந்த நிகழ்ச்சிக்கு வரல. தீபாவளி அன்னிக்கு வீடியோ கால்ல ரெண்டு பேரும் பேசிக்கல.

அப்புறம் 2025 பிப்ரவரியில முழுப் பேட்டியும் வெளிய வந்துச்சு. குக்கர் வச்சுட்டு உக்காந்து கேட்டேன். ரெண்டு துண்டும் ஒரே பதில்தான்; முதல் பாதி ஒரு நிகழ்ச்சிக்கு, மீதி இன்னொண்ணுக்கு. சிபிஎஸ்காரங்க முன்னாடியே அதைத்தான் சொல்லிட்டிருந்தாங்க. முழுசாக் கேட்டாலும் பருப்பில்லாத சாம்பார்தான், அது வேற விஷயம். ஆனா நல்லாப் பேசின பாதியை மட்டும் பெரிய நிகழ்ச்சிக்கு எடுத்து வச்சது யாருன்னு பையன் கேக்கறது தப்பில்லைன்னு பட்டுது. டிரம்ப் கேஸ் போட்டு, ஜூலைல அந்தக் கம்பெனி 1.6 கோடி டாலருக்கு ராஜி பண்ணிக்கிச்சு. மன்னிப்புக் கேக்கல. பையன் “பாத்தியா”ன்னான். பொண்ணு “பயந்து குடுத்தாங்க”ன்னா. நான் குட் மார்னிங் போட்டேன்.


கே.கே. நகர் பையன்:

எங்கப்பா கேஸ் கொஞ்சம் வித்தியாசம். 2024 செப்டம்பர் 11, காலை ஆறரைக்கு ஏபிசி டிவியில டிரம்ப்-கமலா விவாதம் லைவ். அப்பா தேதி கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னாடி நடுவுல கோடு போட்டு உக்காந்துட்டார். தொகுப்பாளர்கள் யாரை எத்தனை தடவை திருத்தறாங்கன்னு கணக்கு. முடிவுல டிரம்ப் பக்கம் நாலஞ்சு கோடு, கமலா பக்கம் ஒண்ணுமில்ல. “பார்த்தியா, அம்பயரே மூணு ஸ்டம்புக்கும் பால் போடறான்.”

“அப்பா, ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்ல வெளிநாட்டுலேர்ந்து குடியேறினவங்க நாயைப் பிடிச்சுத் தின்றாங்கன்னு சொன்னது யாரு? அதைத் திருத்தாம விடச் சொல்றீங்களா?”

“அது கப்சா, திருத்தட்டும். ஆனா அந்தம்மா பேசினது பூரா வேதமா?”

ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் வந்தா வாசல்லயே காத்திருக்கார். போர்ப் பகுதி எதுலயும் இப்ப அமெரிக்க வீரர் ஒருத்தர்கூட இல்லைன்னு கமலா சொன்னாங்கல்ல? சிரியா, ஈராக்குல வீரர்கள் இருக்காங்க, அந்தப் பேச்சு தப்புன்னு உண்மை சரிபார்க்கிறவங்களே எழுதியிருக்காங்கன்னு மொபைலை நீட்டினார். முகத்துல அப்படியொரு ஜெயிச்ச களை. காலண்டர் தாள்ல கமலா பக்கம் அவரே ஒரு கோடு போட்டு ஃப்ரிட்ஜுல ஒட்டிட்டார். அம்மா அதுக்கு மேல பால் கணக்கு எழுதியிருக்காங்க.


வளசரவாக்கம் அகதி:

நாங்கள் 1990ல வந்த ஆக்கள். 2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிஞ்ச கையோட ஒரு சனல்காரத் தம்பி வந்தவர். கேட்டது ஒரேயொரு கேள்வி: “அனுர வந்தா இந்தியாவுக்கு நல்லதா, சீனாவுக்கு நல்லதா?”

நான் சொன்னன், “தம்பி, எனக்கு அங்கையும் வாக்கு இல்லை, இங்கையும் வாக்கு இல்லை. ஆனா காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளுக்கு, பிடிச்சு வைச்சிருக்கிற காணியளுக்கு எந்த வேட்பாளர் என்ன சொன்னவர் எண்டு போடுங்கோ.” சங்குச் சின்னத்தில நிண்ட தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனைப் பற்றிக் கேட்டன், தம்பிக்கு ஆளைத் தெரியாது. அரியநேத்திரனுக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல சனம் வாக்குப் போட்டது. ஒருவரும் ஐம்பது வீதம் தாண்டாமல் இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினதும் அந்தமுறைதான் முதல்தரம். அதுவும் தம்பிக்குத் தேவைப்படேல்லை. “சீனாவா இந்தியாவா, ஒரு வார்த்தையில சொல்லுங்க ஐயா” எண்டார். நான் “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ” எண்டு கேட்டன். குடிச்சிட்டுப் போனார். நல்ல பிள்ளை.


அடையாறு பென்ஷன்காரர்:

ஐயா, நீங்க தேத்தண்ணியாவது குடுத்தீங்க, எனக்கு அது தோணல.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். நவம்பர் 6, டிரம்ப் ஜெயிச்ச அன்னிக்குச் சாயங்காலம் அதே பையன் அதே பீச்சுல வந்து நின்னான். “சார், நீங்க குடும்ப நண்பர்தானே? சோகமா ஒரு பைட் குடுங்க.” முழுசாப் போடுவியான்னு கேட்டேன். “நான் முழுசாத்தான் சார் அனுப்பறேன், டெஸ்க்குலதான் வெட்டிடறாங்க”ன்னான்.


டெஸ்க்கில் இருந்தவன்:

சார், டெஸ்க்குக்கு வந்ததே நாலு செகண்டாகத்தான் இருக்கும்.


கேமரா தோள்:

நாங்க முழுசாத்தான் அனுப்புவோம்.