எதிர் அறிவிப்பில் முகவரி கேட்டபோது

இங்கே பலரும் இசையைப் பயன்படுத்தியதற்காகப் பதிப்புரிமைப் புகாரில் நீக்கப்பட்ட பதிவுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நேர்ந்தது ஒரு விமர்சனத்துக்காக.

உடல்நலக் குறிப்புகள் வழங்கும் ஒரு நிறுவனத்தின் காணொளியில் ஆபத்தான பிழைகள் இருந்தன. அவர்கள் பேசும் சில நொடிகளைக் காட்டி நிறுத்தி, எது தவறு, ஏன் தவறு என்று விளக்கி ஒரு காணொளி வெளியிட்டேன். பதிப்புரிமை மீறல் என்று அவர்கள் புகார் கொடுக்க, அது உடனே நீக்கப்பட்டது. புகாரில் என் விமர்சனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கருத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதைச் சொன்ன வடிவத்துக்கே உரிமை உண்டு. விமர்சனத்துக்காக எடுத்தாள்வதற்கும் நியாயமான பயன்பாடு என்ற விலக்கு இருக்கிறது. பதிப்புரிமை பேச்சுரிமையோடு மோதாமல் இருப்பதற்கு இவ்விரண்டையுமே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இலும் 2003இலும் காரணமாகக் காட்டியது. ஆகவே சட்டத்தின் மீது எனக்குக் குறையில்லை. நடைமுறைதான் வாயை அடைக்கிறது.

நான் காணொளி வெளியிட்ட தளம் பின்பற்றுவது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் (DMCA). நீக்கியது தவறு என்று தளத்துக்கு நாம் எதிர் அறிவிப்பு அனுப்பிய பின் புகார்தாரர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் பதிவு மீண்டும் வர வேண்டும். ஆனால் அந்தப் படிவத்தில் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண், கையொப்பம் ஆகியவற்றோடு, பொய் சொன்னால் தண்டனை என்பதை ஏற்கும் உறுதிமொழியும், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்படுவதாக ஒப்புதலும் தர வேண்டும். அத்தனையும் நான் விமர்சித்தவர்களின் கைக்கே போய்ச் சேரும். புகார் கொடுப்பவருக்கோ, உரிமையாளர் சார்பில் பேசும் அதிகாரம் தமக்கு உண்டு என்பதற்கு மட்டுமே அத்தகைய உறுதிமொழி. மீறல் நடந்தது என்பதற்கு நல்லெண்ண நம்பிக்கை போதும். நியாயமான பயன்பாடா என்று புகாருக்கு முன்பே அவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 2015இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த எண்ணம் மனதார இருந்தாலே போதுமென்றும் அதுவே சொல்லிவிட்டது.

நான் சொந்தப் பெயரில் இயங்குபவன் என்பதால் அனுப்பினேன், பதிவும் திரும்பியது. புனைபெயரில் தம் துறையின் முறைகேடுகளை எழுதும் என் நண்பர் ஒருவர், முகவரிக் கட்டத்தைப் பார்த்ததும் படிவத்தை மூடிவிட்டார். நீக்கப்பட்ட அவரது பதிவு இன்றுவரை திரும்பவில்லை.

இடைப்பட்ட நாள்களில் அதே விமர்சனத்தை என் சொற்களில் எழுத்தாகப் போட்டேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றுதான்: “அவர்கள் உண்மையிலேயே அப்படிச் சொன்னார்களா?” வடிவத்தை விட்டுக் கருத்தை மட்டும் சொல்லலாமே என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மறுக்கும்போது, அவர் சொன்ன சொல்லே சான்று.

புனைபெயரில் எழுதுபவர் யாரேனும் வழக்கறிஞர் மூலமாக எதிர் அறிவிப்பு அனுப்பியிருந்தால், முகவரி வெளியாகாமல் அது ஏற்கப்பட்டதா என்பதை எழுதுங்கள். என் நண்பருக்கு உதவும்.