ஊட்டி காலேஜில் விலங்கியல்: மகளைச் சேர்க்கலாமா?

கேத்தி அப்பா:
மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மருத்துவ சீட் கிடைக்கிற அளவுக்கு நீட்டில் மார்க் வரவில்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்திருக்கிறது, அதில்தான் சேருவேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் நர்சிங்கில் போடு, இல்லாவிட்டால் கோச்சிங்குக்கு அனுப்பி இன்னொரு தடவை நீட் எழுத வை என்கிறார்கள். பச்சைத் தேயிலை வருமானத்தில்தான் எல்லாம் நடக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
அண்ணா, சேர்க்காதீர்கள். வெறும் பி.எஸ்சி. விலங்கியலை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எந்தக் கதவும் லேசில் திறக்காது. ரத்தப் பரிசோதனை லேபில்கூட டிஎம்எல்டி (லேப் வேலைக்கான டிப்ளமோ) இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். என் கூடப் படித்தவர்களில் இதை எடுத்தவர்கள் பலர் இன்று திருப்பூரிலும் கோவையிலும் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறார்கள். நர்சிங் நாலு வருடம். முடித்த கையோடு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஏறிவிடலாம்.

சோலைப்புல்:
கோச்சிங் செலவு வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். மற்றதில் உடன்பாடில்லை.

இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் இங்கேதான் அறிவிக்கப்பட்டது. அதன் நடுவில் இருக்கிற அந்தக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியலுக்கே துறை இருக்கிறது. வேறு ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து பார்க்கிற காடு உங்கள் மகளுக்கு வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். சிறுத்தையின் எச்சத்தை, அதாவது மலத்தை, காட்டில் எடுத்து வந்து, சல்லடையில் போட்டுக் கழுவுவோம். மயிரும் எலும்புத் துண்டும் தங்கும். மயிரைக் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே ஓடும் அமைப்பு ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு மாதிரி இருக்கும். தின்றது கடமானா, மாடா, தெரு நாயா என்று அதை வைத்துச் சொல்லலாம். தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் சிறுத்தை ஏன் சுற்றுகிறது என்பதற்கு வாய்ப்பேச்சைவிட இந்த மயிர் நல்ல பதில் சொல்லும். இதைச் செய்ய ஆள் வேண்டும்தானே?

குன்னூர்க்காரன்:
ஆள் வேண்டும், சரி. எத்தனை மாதத்துக்கு? ப்ராஜெக்ட் பணம் தீர்ந்தால் ஆளும் வீட்டுக்கு. வரையாட்டைக் கணக்கெடுத்தாலும் காட்டில் பரவும் உண்ணிச்செடிக் களையைப் பிடுங்கினாலும் இதே கதைதான். அப்பாவின் கேள்வி காட்டைப் பற்றியது இல்லை, மாதச் சம்பளத்தைப் பற்றியது.

ஓய்வு பெற்ற ஆசிரியை:
தம்பி, ப்ராஜெக்ட் வேலை நிலையில்லாதது என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அரசு வேலைக்கான வழியை நீங்கள் சொல்லவே இல்லை. இந்திய வனப் பணித் தேர்வை எழுத விலங்கியல், தாவரவியல் மாதிரி சில பாடங்களில் பட்டம் வேண்டும். நர்சிங் அந்தப் பட்டியலில் கிடையாது. எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதலாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் மாதிரி தடுப்பூசி தயாரிக்கிற இடங்களில் ஆசை இருந்தால், எம்.எஸ்சி.யில் நுண்ணுயிரியல் பக்கம் திரும்ப வேண்டும்.

அப்புறம் பணம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

குன்னூர்க்காரன்:
டீச்சர், நீங்கள் சொல்கிற எல்லாமே மூன்று வருடத்தில் முடிகிற காரியம் இல்லை. எம்.எஸ்சி., பி.எட்., அதற்கு மேல் தேர்வு. அதுவரை வீட்டில் யார் தாங்குவது? தங்கை படிக்கட்டும், ஆனால் இது நீண்ட பாதை என்று தெரிந்தே படிக்கட்டும்.

சோலைப்புல்:
இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டாம் வருடமே ஆயத்தம் தொடங்க வேண்டும் என்கிறேன். நல்ல மேற்படிப்புக்கு எல்லாம் நுழைவுத் தேர்வுதான்: ஐஐடி மாதிரி இடங்களுக்கு ஜாம் இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியூஇடி இருக்கிறது. வனவிலங்கு என்றால் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்). புள்ளியியலை ஒதுக்கும் பிள்ளைகள்தான் இதில் தடுக்கி விழுகிறார்கள். லீவில் ஆனைகட்டி சாலிம் அலி பறவையியல் மையத்துக்கு எழுதிப் போட்டு, களப்பணியில் கூட வரலாமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேத்தி அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மகளிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். புள்ளியியல் என்றதும் முகம் சுருங்கியது, எச்சம் கழுவுவதைச் சொன்னபோது இல்லை. ப்ளஸ் டூவில் அவளுக்குக் கணக்கே கிடையாது. ஆரம்பத்திலிருந்து யாராவது சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாளா?

ஓய்வு பெற்ற ஆசிரியை:
பிடித்துக்கொள்வாள். சராசரி, திட்டவிலக்கம், வரைபடம், இவ்வளவில் தொடங்கினால் போதும். கல்லூரி திறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள், நான் வெலிங்டனில்தான் இருக்கிறேன்.

குன்னூர்க்காரன்:
சேர்த்தாலும் டிஎம்எல்டி விண்ணப்பத்தையும் ஒன்று போட்டு வையுங்கள் அண்ணா. கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.