சதுர முனைச் சங்கிலியைக் கையால் அராவக் கற்றோர் அனுபவங்கள்

முதல் பகிர்வு: வாஷிங்டன் மாநிலத்திலிருந்து

காஸ்கேட் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் நிலத்தில் டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மென்மரங்களே மிகுதி. காற்றில் சாய்பவற்றையும் காய்ந்து நிற்பவற்றையும் நானே அறுப்பதால், சங்கிலி ரம்பத்தின் பற்களை உருண்டை அரத்தால் அராவுவது எனக்கு முன்பே பழகிய வேலை. சதுர அராவலை அண்டை நிலத்துப் பெரியவரிடம்தான் முதலில் கண்டேன். அவர் வாழ்நாளெல்லாம் காட்டில் மரம் சாய்த்து ஓய்வு பெற்றவர். ஒரே அடிமரத்தை ஒரே அளவு ரம்பங்களால் நாங்கள் அடுத்தடுத்து அறுத்தபோது, அவருடையது கை அழுத்தமே இல்லாமல் தன் எடையாலேயே இறங்கியது. அறுத்த முகம் இழைப்புளி போட்டதுபோல் வழவழப்பாக இருந்தது. அன்று மாலையே அவருடைய பட்டறைக்குப் போய்விட்டேன்.

வேறுபாடு பல்லின் மூலையில் இருக்கிறது. வெட்டும் பல்லுக்கு மேல்தகடு, பக்கத்தகடு என இரண்டு பகுதிகள் உண்டு. பக்கத்தகட்டின் விளிம்பு நாரை அறுக்க, மேல்தகட்டின் விளிம்பு அறுபட்ட சில்லைப் பெயர்த்தெடுக்கிறது. உருண்டை அரம் இவ்விரு விளிம்புகளுக்கும் உட்புறத்தில் ஒரே குழிவை உண்டாக்குவதால், விளிம்பின் கோணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சதுர அராவலில் வளைவே இல்லை. இரண்டு தட்டையான முகங்கள் ஒரு நேர்க்கோட்டில் கூடுகின்றன. அந்தக் கோடு பல்லின் வெளி மூலையில் சரியாக வந்து முடிய வேண்டும். கூரான மூலை கொண்ட பல்லாக இருந்தாலே அது சதுரச் சங்கிலி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்; அதே பல்லை உருண்டையாகவும் அராவலாம், சதுரமாகவும் அராவலாம் என்பதே உண்மை.

இதற்கான அரம் தனி. உடல் தட்டையாகவும் விளிம்புகள் இரு பக்கமும் சாய்வாகவும் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நசுங்கிய அறுகோணமாகத் தெரியும். அதன் இரு முகங்கள் கூடும் விளிம்புதான் பல்லின் மூலைக்குள் ஓட வேண்டும். ஒரே தள்ளலில் ஒரு முகம் மேல்தகட்டின் அடியையும் மற்றொரு முகம் பக்கத்தகட்டையும் தேய்ப்பதால், ஒன்றை மட்டும் திருத்துவது என்பது இயலாது. கையைச் சற்றே உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் இரண்டு விளிம்புகளும் சேர்ந்தே மாறிவிடும். உருண்டை அரத்துக்குக் கிடைப்பதுபோன்ற எளிய வழிகாட்டித் தகடு இதற்கு உதவாது. பெரியவர் எனக்குக் கோணமானி எதையும் தரவில்லை. மேல்தகட்டின் விளிம்பு 20 முதல் 25 பாகை வரை சாய்ந்திருக்கட்டும், அதன் அடிச்சாய்வு ஏறத்தாழ 45 பாகையாக வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கருப்பு மை பேனாவையும் நகை பார்க்கும் உருப்பெருக்கியையும் கையில் கொடுத்தார்.

மைதான் உண்மையான ஆசிரியர். பல்லின் இரு முகங்களிலும் மை பூசி, அரத்தை ஒருமுறை மெதுவாகத் தள்ளி, எங்கே மை அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோடு மூலைக்குக் கீழே, பக்கத்தகட்டில் முடிந்தால், மூலைக்கு அடியில் உலோகம் குறைந்து முனை மட்டும் அலகாக நீட்டிக்கொண்டு நிற்கும். அது முதல் சில அறுப்புகளில் மிக வேகமாக ஓடிவிட்டு, உடைந்து போகும். கோடு மேல்தகட்டில், மூலைக்கு உள்பக்கமாக முடிந்தாலோ, மூலையை ஒட்டிய சிறு பகுதி மழுங்கிய கோணத்திலேயே நின்றுவிடும். சங்கிலி அறுக்கும், ஆனால் சதுரமாக அராவியதன் பயன் ஒன்றும் தெரியாது. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் மயிரிழை அகலம்தான். அதனால் இது கைப்பழக்கத்தைக் காட்டிலும் கண்பழக்கம் என்பேன். கண் அந்த மூலையைப் பார்க்கக் கற்றபின் கை தானாகவே அதைத் தேடிப் போகிறது.

வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளுவதையே அவர் கற்பித்தார். பல்லின் வெளிப்புறத்தில் பூசப்பட்டிருக்கும் குரோமியத்தின் வழியாக அரம் நுழைவதால் அது விரைவில் தேய்ந்துவிடுகிறது என்பது இம்முறையின் குறை. மூலை கண்ணுக்கு நேராகத் தெரிவது இதன் நிறை. உள்ளிருந்து வெளியே தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அரம் கூடுதல் நாள் உழைக்கிறது. எந்தத் திசையானாலும் திரும்பி வரும்போது அரத்தைப் பல்லிலிருந்து எடுத்துவிட வேண்டும். விளிம்பு மழுங்கிய அரத்தால் சதுர மூலையை உண்டாக்க முடியாது என்பதால், அரத்தில் சிக்கனம் பார்ப்பது வீண்.

20 அங்குலப் பாரில் (சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகட்டில்) ஓடும் 72 இழுவை இணைப்புகள் கொண்ட சங்கிலியில் 36 பற்கள் உண்டு, வலம் 18, இடம் 18. வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கோணலாகவும் வரும். இரு பக்கமும் ஒத்திராவிட்டால் ரம்பம் வளைந்து அறுக்கும். ஆகவே வராத பக்கத்தை முதலில் அராவிவிட்டு, வருகிற பக்கத்தை அதற்கு ஏற்றவாறு பொருத்துவதையே நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இரண்டாம் பகிர்வு: கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து

மேலே எழுதிய அண்ணன் டக்ளஸ் ஃபரில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடக் கூடாது. நான் மரம் வெட்டும் குழுவொன்றில் வேலை செய்கிறேன். எங்களுக்கு வருபவை வன்மரங்கள்: மேப்பிள், ஓக், அவற்றைவிட அதிகமாகச் செத்துப்போன ஆஷ் மரங்கள். 2002-இல் விண்ட்சர் பகுதியில் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் வண்டு இந்த மாகாணத்தின் ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. நின்ற நிலையிலேயே காய்ந்து இறுகிப்போன அவற்றைத்தான் நாங்கள் இறக்குகிறோம். தெருவோர மரங்களின் பட்டையில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும், சில சமயம் உள்ளே ஆணியும் இருக்கும். குளிர்காலத்தில் மரம் உறைந்துவிடுகிறது.

இத்தகைய வேலையில் சதுர மூலை நெடுநேரம் நிற்பதில்லை. உருண்டை அராவலில் மூலை சிறிது போனாலும் சங்கிலி ஓரளவு அறுத்துக்கொண்டே இருக்கும். சதுரத்தில் மூலைதான் எல்லாம் என்பதால், அது போனவுடன் வேகம் சட்டென்று விழுந்துவிடுகிறது. குரோமியம் சிதறிய இடம் முழுவதும் நீங்கும்வரை அராவினால்தான் விளிம்பு திரும்பி வரும், அதற்குள் பல்லின் ஆயுளில் ஒரு பங்கு தூளாகிவிடும். ஆகவே நான் இதைக் கற்றுக்கொண்டும் தினவேலைக்குப் பயன்படுத்துவதில்லை. சுத்தமான பைன் மரங்களைச் சாய்க்கப் போகும் நாட்களில் மட்டும் சதுரச் சங்கிலியை எடுத்து வைக்கிறேன், அந்த நாட்களில் வேலை உண்மையாகவே இனிக்கிறது. அடிக்கட்டையைத் தரையோடு அறுக்க இதைக் கொண்டு போகிறவரை யாராலும் காப்பாற்ற முடியாது.

ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ரேக்கர் முனையைப் பற்றி அண்ணன் எழுதவில்லை. பல்லைவிட அது தாழ்ந்திருக்க வேண்டிய அளவு பொதுவாக 0.025 அங்குலம், ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர். சதுரச் சங்கிலி மெதுவாக அறுக்கிறது என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்களில் சிலருடைய மூலை நன்றாகவே இருந்தது. அவர்கள் பல்லைப் பல முறை அராவிவிட்டு ரேக்கரைத் தொடாமலே விட்டிருந்தார்கள்.

மூன்றாம் பகிர்வு: ஓரிகனிலிருந்து

இந்தக் கலை அமெரிக்க மேற்குக் கரையின் இந்தப் பக்கத்துக்கே உரியது என்பதால் நானும் சில வார்த்தைகள் சேர்க்கிறேன். 1946-இல் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, ஓர் அடிக்கட்டையை வண்டுப் புழுவொன்று இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதைக் கவனித்து, அதன் தாடைகளைப் பார்த்துப் புதிய பல் ஒன்றை வடிவமைத்தார். அடுத்த ஆண்டே போர்ட்லண்டில் அவருடைய சங்கிலி நிறுவனம் தொடங்கியது. அவருடைய பல்லின் மேற்பகுதி வளைந்திருந்ததால் உருண்டை அரம் அதற்கு இயல்பாகவே பொருந்தியது. கூரான மூலைப் பல் பின்னர் வந்தது. மேற்குக் கரையின் பெரிய மென்மரங்களை நாள் முழுவதும் அறுப்பவர்கள் அதைச் சதுரமாக்கும் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். ரம்பப் போட்டிகளில் ஓடும் சங்கிலிகளும் இவ்வழியைச் சேர்ந்தவையே.

கற்க விரும்புவோருக்கு என் யோசனை ஒன்றுதான். உருண்டைச் சங்கிலியைக் கையால் சதுரமாக மாற்ற முயல வேண்டாம். குழிவு முழுவதும் போகும்வரை அராவ வேண்டியிருப்பதால் அரமும் பொறுமையும் ஒருசேரத் தீர்ந்துவிடும். ஆலையிலிருந்தே சதுரமாக வரும் சங்கிலி ஒன்றை வாங்குங்கள், அல்லது சில்வி போன்ற சாணை எந்திரம் வைத்திருக்கும் ரம்பக் கடையில் ஒருமுறை பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்திரம் வைத்துக் கொடுத்த முகங்களின் மீது அரத்தை வைத்து, மை சீராக அழிகிறதா என்று பார்த்துப் பழகினால், சரியான பல் எப்படி இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே கண்முன் இருக்கும். மழுங்கும்வரை காத்திராமல், பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் மூலையைப் பாருங்கள். கூரான விளிம்பில் ஒளி தங்காது. வெயிலில் மூலை மினுங்கினால் அங்கே கூர் போய்விட்டது. அந்த நிலையில் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல்களே போதும். அடிக்கட்டையில் அடித்துப் பொருத்தும் சிறு வைஸ் ஒன்று பையில் இருந்தால், பாரை அதில் இறுக்கிவிட்டுக் காட்டிலேயே அராவி முடித்துவிடலாம்.