பி2 கார்டு ஃபைல்: படம் வருது, சத்தம் வரல

அண்ணன்மாரே, மும்பை தாராவியில கல்யாண வீடியோ எடுக்குறேன். 2009 பொங்கலுக்குத் தொண்ணூறு அடி ரோட்டுல மாமா எடுத்த காட்சி பழைய ஹார்டு டிஸ்க்குல கிடைச்சுது. கேமரா பானாசோனிக் எச்விஎக்ஸ்200, ரெக்கார்டிங் ஃபார்மட் டிவிசிப்ரோ எச்டி, எல்லாம் எம்எக்ஸ்எஃப்ங்கற வகை ஃபைல்.

படம் பளிச்சுனு இருக்கு, சத்தம்தான் இல்ல. இப்ப உயிரோட இல்லாத எங்க ஆச்சி பானை முன்னாடி நின்னு குலவை போடுறாங்க, நாக்கு சுழலுறதுகூடத் தெரியுது. கேக்கத்தான் முடியல.

காரணம் புரிஞ்சிடுச்சு. பி2 கார்டுல (இந்தக் கேமராவோட மெமரி கார்டு) படம் ஒரு ஃபோல்டர், சத்தம் வேற ஃபோல்டர். எந்தப் படத்துக்கு எந்தச் சத்தம்னு ரெண்டையும் கோக்குற எக்ஸ்எம்எல் குறிப்பு ஃபைல் இருக்குறது கிளிப் ஃபோல்டர்ல. காப்பி பண்ணினவர் (யாருன்னு கேக்காதீங்க) அதை மட்டும் விட்டுட்டார். கார்டையும் அப்பவே அழிச்சு அதுல வேற காட்சி எடுத்தாச்சு, ரெக்கவரிக்கு வழியில்ல.

பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஃபோல்டரோட இழுத்துப் போட்டேன், ரெண்டையும் தனித்தனியாத்தான் காட்டுது. விஎல்சி பிளேயர்லயும் அதே கதை. ஃபைல் பேர் பாத்து ரெண்டு கிளிப்பைக் கையால டைம்லைன்ல சேத்தேன், உதடு கச்சிதமாப் பொருந்துது. ஆனா மொத்தம் 186 கிளிப். நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு ஜிபி, 4 ஜிபி தாண்டினா அடுத்த ஃபைலுக்குப் போயிடும். நையாண்டி மேளம் முழுக்கத் துண்டு துண்டாக் கிடக்கு.

விண்டோஸ் 11-ல, பேர் ஒத்துப்போற படத்தையும் சத்தத்தையும் மொத்தமா ஒரே தடவையில சேக்க எஃப்எஃப்எம்பெக் (கமாண்ட் குடுத்து வீடியோ, ஆடியோவைச் சேக்குற இலவச சாஃப்ட்வேர்) ஸ்கிரிப்டோ வேற வழியோ யாராவது பயன்படுத்தியிருக்கீங்களா?