கொரோலா 110க்கு நாலு ஷொக் அப்சோபரும் மாற்றச் சொல்கிறார்கள், குறைந்த காசில் எது சரி?

பட்டிருப்புச் சேர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 97ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. வாங்கி ஒன்பது வருடம், இன்றைக்கும் எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் களுவாஞ்சிகுடியில் இருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பி வருவது, சனி ஞாயிறில் வயல் வட்டைக்குப் போவது, இதுதான் அதன் ஓட்டம். விதைப்பு முடிந்த கையோடு டிக்கியில் மூன்று யூரியா பை ஏறும், ஒளிக்காமல் சொல்கிறேன்.

இந்த மாரி முடிந்ததில் இருந்து முன்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம், சின்னக் குழியிலும் வருகிறது. கொஞ்சம் பெரிய பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் மூன்று நாலு தரம் ஆடித்தான் அடங்குகிறது, மனைவி இப்போது காரைக் கார் என்று சொல்வதில்லை, வள்ளம் என்கிறாள். பின்பக்கம் பதிந்தும் நிற்கிறது. கராஜில் காட்டினேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு "நாலு ஷொக்கும் முடிந்தது சேர், மாற்றுவோம்" என்றார்கள்.

விசாரித்ததில் நாலு வழி இருக்கிறது. புது கேவைபி, ஜப்பான் கம்பனிச் சாமான், கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும். அதில் அரைவாசி விலையும் இல்லாத, பெயர் தெரியாத பெட்டி. ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சோடி. கடைசியாக, இருப்பதையே வெட்டி எண்ணெயும் கேஸும் நிரப்பி ஒட்டித் தரும் ரீபில். கூலியும் சேர்த்து என் கையில் எழுபதாயிரம்தான் இருக்கிறது, நாலும் புது கேவைபி என்றால் அதற்குள் அடங்காது. வேறு கார் வாங்கு என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். 2020இல் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் என் சம்பளத்துக்கு அது கனவு.

கல்முனை ஸ்பானர்:

சேர், ஷொக் வாங்குவதை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதியதில் மூன்று வருத்தம் இருக்கிறது, கராஜில் மூன்றுக்கும் ஒரே மருந்தை எழுதியிருக்கிறார்கள். ஆடி ஆடி அடங்குவது ஷொக்கின் குறை, அது சரி. பதிந்து நிற்பது ஸ்பிரிங். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், அந்த ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவது மட்டும்தான் ஷொக்கின் வேலை, ஆகவே புது ஷொக் பூட்டினால் வண்டி எழும்பும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சின்னக் குழியில் டொக் டொக் என்பது அநேகமாக ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு), இல்லையென்றால் மேல் மவுண்ட் (ஷொக்கின் தலையை வண்டியில் பிடிக்கும் ரப்பர்), லோவர் ஆம் புஷ் (கீழ்க் கையின் ரப்பர்), போல் ஜொயின்ட் (சக்கரத்தைக் கீழ்க் கையோடு பிடிக்கும் மூட்டு). இதில் போல் ஜொயின்ட் மட்டும் விளையாட்டுக் காட்டக்கூடாத சாமான், கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், அதை ஜக்கில் தூக்கி இன்றைக்கே பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் வெட்டட்டும், நீங்கள் பொனட்டைத் திறந்து மேல் மவுண்டின் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் வெடித்து நடு நட் தனியாக அசைந்தாலோ, ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளித் திரும்பினாலோ மவுண்டும் அதன் பெயாரிங்கும் முடிந்தது. லிங்கைக் கையால் பிடித்து ஆட்டினாலே தெரியும். மறுகா நாலு ஷொக்கின் உடம்பையும் துணியால் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓடுங்கள். மேல்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சில் தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை, ஓடின ஷொக்கில் அது வரும். கீழ்வரைக்கும் வழிந்து நனைந்திருந்தால் சீல் போய்விட்டது. டயரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், அலை அலையாகத் தட்டுப்பட்டால் அந்தச் சக்கரம் தரையில் நிற்காமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. மூலையை அமுக்கி விட்டுப் பார்ப்பார்களே, அந்தச் சோதனை முழுதாகச் செத்ததைத்தான் காட்டும், அரை உயிரில் இருப்பது அதில் பாஸாகிவிடும்.

வாவிக்கரை:

ஸ்பானர் அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஜப்பான் பாவித்ததை ஏன் யாரும் பேசவில்லை? நான் என் டொயோட்டா அக்ஸியோவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னம் பாவித்த முன் சோடி போட்டேன், இன்றைக்கும் கல்லடியில் இருந்து வாழைச்சேனைக்குப் போய் வருகிறேன், ஒரு கரைச்சலும் இல்லை. கம்பனி போட்ட ஒறிஜினல் சாமான், விலையும் குறைவு. பெயர் தெரியாத புதுசை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

கல்முனை ஸ்பானர்:

அக்ஸியோ புதிய மொடல், அதற்குச் சரி தம்பி, 110க்கு அந்தக் கணக்கு சரிவராது. ஜப்பானில் 110 விற்றது 1995இல் இருந்து 2000 வரை. இப்போது நீங்கள் எந்தக் கடையில் 110இன் கழற்றிய ஷொக்கை எடுத்தாலும் அது 25 வருடத்துக்குக் குறையாத வண்டியில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். அங்கே வீதி நல்லது, ஓட்டம் குறைவு, எல்லாம் உண்மைதான், ஆனால் உள்ளே இருக்கும் சீல் ரப்பர். ரப்பருக்கு வீதி தெரியாது, வயதுதான் தெரியும். மேலே கழுவிக் கறுப்புப் பெயின்ற் அடித்து வைத்திருந்தால் கசிந்த அடையாளமும் இருக்காது.

அப்படியும் எடுப்பதென்றால் ரொட்டை, அதுதான் ஷொக்கில் ஏறி இறங்கும் கம்பியைப் பாருங்கள், குரோமில் நகத்துக்குத் தட்டுப்படுகிற கீறலோ துருப் புள்ளியோ இருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். நிமிர்த்தி வைத்து ரொட்டை முழுக்க உள்ளே அமுக்கி விடுங்கள். கேஸ் ஷொக் என்றால் தானாக மெல்ல மேலே வர வேண்டும், அமுக்கும்போதும் இழுக்கும்போதும் நடுவில் எங்கேயும் வெறுமையாக ஓடக்கூடாது. கேஸ் இல்லாத எண்ணெய் ஷொக் அமுக்கின இடத்திலேயே நிற்கும், அது குறை இல்லை.

ஆரையம்பதி ஹயர்:

நான் ஹயர் ஓடுகிற ஆள், கார் நிசான் சணி எஃப்பி 15. பெயர் தெரியாத பெட்டி வாங்கின அனுபவத்தை எழுதுகிறேன், யாராவது தப்பினால் நல்லது. பெட்டியில் மலைப் படம், சூரியன் படம், பார்த்தால் ஜப்பான் போலத்தான் இருக்கும். முதல் மாதம் அருமை, பஞ்சு மாதிரி. அந்தப் பஞ்சுதான் பிழை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, சாமானில் தடுப்பே குறைவு. மகா ஓயாப் பாதையால் கண்டிக்கு ஒரு ஹயர் போனேன், வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நிமிரவே யோசிக்கிறது, பின்னுக்கு இருந்த அம்மா வாந்தி. அடுத்த மாரிக்குள் இரண்டும் எண்ணெய் வடித்துவிட்டன, விற்ற கடையில் "கரண்ட் சாமானுக்கும் ஷொக்குக்கும் கியாரண்டி இல்லை" என்றார்கள். மறுபடியும் கழற்றிப் பூட்டின கூலியையும், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் எலைன்மென்டையும் கூட்டிப் பார்த்தால் முதலிலேயே கேவைபி எடுத்திருக்கலாம்.

ஆனால் குற்றம் முழுக்க அந்தப் பெட்டியில் இல்லை, இதையும் சொல்ல வேண்டும். பூட்டின பொடியன் நடு நட்டை இறுக்கும்போது ரொட் சுழல்கிறது என்று பிளையரால் ரொட்டையே கவ்விப் பிடித்தான், நான் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தேன். அந்தக் கீறல் ஏறி இறங்கும்போது சீலை அரம் மாதிரி அறுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ரொட்டை மூடும் பழைய டஸ்ட் கவர் கிழிந்திருந்தது, அதையும் வீசிவிட்டுச் சும்மா பூட்டினான். நம்முடைய கிரவல் பாதையில் கவர் இல்லாமல் ஓடினால் சேறு ரொட்டில் காய்ந்து ஒட்டும், எந்தக் கம்பனி ஷொக்கும் தாங்காது.

பட்டிருப்புச் சேர்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். போல் ஜொயின்ட் இரண்டும் இறுக்கமாக இருக்கிறது. இடப்பக்க லிங்கைக் கையால் தொட்டதுமே 'டொக்', அதே சத்தம், சிரிப்புத்தான் வந்தது. வலது மவுண்டின் ரப்பர் வெடித்திருக்கிறது. முன் ஷொக் இரண்டும் காய்ந்துதான் இருக்கின்றன, கொஞ்சம் தூசி. பின் இடது ஷொக் கீழ்வரை நனைந்து கிடக்கிறது, பின் வலதில் மெல்லிய பூச்சு மட்டும். சக்கரத்தின் நடுவில் இருந்து மட்காட் விளிம்புவரை அளந்தும் பார்த்தேன், பின் இடது வலதைவிட இரண்டு சென்ரிமீற்றர் குறைவு.

இப்போது கேள்வி: பின் இடதை மட்டும் மாற்றினால் போதாதா? ஸ்பிரிங்கின் நடுவில் வைக்கும் ரப்பர் ஒன்றும் கடையில் காட்டினார்கள், உயர்த்தும் என்று.

கல்முனை ஸ்பானர்:

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம் சேர். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் அரை உயிரும் இருந்தால் சடுதியாக பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுபடும். ஷொக் எப்போதும் சோடியாகத்தான், முன் சோடி அல்லது பின் சோடி. நாலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

அந்த ரப்பரை வாங்க வேண்டாம். அது வைத்த இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது, பாரம் முழுக்க மிச்சச் சுற்றுகளில் விழும். கடல் காற்றில் துருப்பிடித்த பழைய ஸ்பிரிங் என்றால் அப்படித்தான் ஒரு நாள் முறியும். பின் ஸ்பிரிங்கை மட்டும் பாவித்ததில் ஒரு சோடி தேடுங்கள், ஸ்பிரிங் வெறும் இரும்பு, துருவும் முறிவும் இல்லையென்றால் பாவித்தது ஓடும். வாவிக்கரைத் தம்பியின் யோசனை அதற்குப் பொருந்தும்.

110க்குப் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரி ஸ்ட்ரட்தான், ஸ்பிரிங் ஷொக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பின் சீற்றின் சாய்மானத்தைக் கழற்றி மேல் நட்டுகளைப் பிடித்து, முழுவதையும் இறக்கி, ஸ்பிரிங் கம்பிரசரால் அமுக்கித்தான் பிரிக்க வேண்டும். வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். அமுங்கின ஸ்பிரிங் கைவிட்டுப் போனால் ஆளையே கொல்லும். எப்படியும் பிரிப்பதால் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கூலியில் முடியும்.

ஆகவே உங்கள் காசுக்கு என் கணக்கு இது. இப்போது பின் சோடி புது கேவைபி, டஸ்ட் கவர், பம்ப் ஸ்டொப்பர் (ஷொக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), பாவித்த ஸ்பிரிங் சோடி, முன்னுக்கு இரண்டு லிங்க். எழுபதுக்குள் வரும். முன் மவுண்டுக்கு ஸ்ட்ரட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு ஒரு கூலி கொடுத்துவிட்டு அடுத்த வருடம் ஷொக்குக்கு இன்னொரு கூலி கொடுப்பது வீண். காசு சேரட்டும், முன் ஷொக், மவுண்ட், பெயாரிங் எல்லாம் ஒன்றாகச் செய்வோம். அதுவரை அந்தச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், ரப்பர் இன்னும் கிழிந்தால் மட்டும் பிற்போட வேண்டாம்.

கேவைபியில் எக்செல்-ஜி என்று இருப்பது போதும், ஒறிஜினலின் தன்மைக்கு அதுதான் கிட்ட. கேஸ்-அ-ஜஸ்ட் என்பது கடினம், படுவான்கரைப் பாதையில் முதுகு கழன்றுவிடும். டொக்கிக்கோ கிடைத்தாலும் எடுக்கலாம், அதுவும் ஜப்பான் கம்பனிகளுக்குச் செய்து கொடுத்த பெயர்தான். ரீபில்? வெட்டி ஒட்டின இடத்தில் ரொட் நேராக நிற்கும் என்பதற்கு யார் பொறுப்பு, நான் செய்வதில்லை.

வாவிக்கரை:

கேவைபிக்கும் போலிப் பெட்டி வருகிறது, அதையும் சொல்லுங்கள் அண்ணன்.

கல்முனை ஸ்பானர்:

ஓம், வருகிறது. பெட்டியில் உள்ள இலக்கமும் ஷொக்கின் உடம்பில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். விலை மற்றக் கடைகளைவிட மிகவும் கீழே என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். சேஸி இலக்கத்தை எஞ்சின் பக்கத் தகட்டில் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள், வெறுமனே "110" என்று சொன்னால் வேகனின் சாமானைத் தந்துவிடுவார்கள். ஷொக் வாங்கும்போது இடதும் வலதும் வேறு வேறு, இரண்டு இடது வந்து பஸ்ஸில் திருப்பி அனுப்பின ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

பட்டிருப்புச் சேர்:

பின்பக்கம் நேற்று முடிந்தது. ஷொக் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தது, இலக்கங்களைச் சரிபார்த்துத்தான் காசு போட்டேன். ஸ்பிரிங் கல்முனையில் கிடைத்தது. பிளையரைக் கையில் எடுத்த பாஸிடம் ஆரையம்பதித் தம்பியின் கதையைச் சொன்னேன், முகம் கொஞ்சம் கறுத்தது, ஆனால் பெட்டியில் இருந்து அலன் சாவியை எடுத்தார். கீழே உள்ள புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகுதான் முழுதாக இறுக்கினார், அதை அவராகவே செய்தார், அப்போதுதான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

வெல்லாவெளிப் பாதையில் இன்று காலை போனேன். ஒரு ஆட்டத்தில் அடங்குகிறது. இடது வலது வித்தியாசம் அரைச் சென்ரிமீற்றருக்கு வந்துவிட்டது. முன்னுக்கு டொக் டொக் போய்விட்டது, பெரிய பள்ளத்தில் மட்டும் வலது மவுண்ட் ஒரு 'டும்'. எலைன்மென்ட் நாளைக்குச் செய்யவா, கொஞ்சம் ஓடிவிட்டா?

கல்முனை ஸ்பானர்:

ஒரு கிழமை ஓடுங்கள், ஸ்பிரிங் உட்காரட்டும், மறுகா நாலு சக்கரமும் பாருங்கள். முன்பக்கம் செய்யும்போது இன்னொரு தரம் பார்க்க வேண்டி வரும், அதற்கும் காசு ஒதுக்குங்கள். யூரியா?

பட்டிருப்புச் சேர்:

ஒரு பை. மற்ற இரண்டும் மச்சானின் லேண்ட் மாஸ்டர் உழவு மெஷினில்.