தொடர் மேம்பாட்டுப் பயிற்சி வகுப்பறையோடு நின்றுவிடுகிறது: வேலைத்தளத்தில் நிலைக்கச் செய்வது எப்படி?

கேள்வி: குறிச்சி, பம்ப் உதிரிபாகத் தொழிற்கூட உரிமையாளர்

அனைவருக்கும் வணக்கம். கோவை குறிச்சியில் மோனோபிளாக் பம்புகளுக்கான இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் ஆகியவற்றைக் கடைசல் செய்து, ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குச் செய்து தருவது) அடிப்படையில் கொடுத்து வருகிறேன். சுமார் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள், மற்றவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள்.

சென்ற ஆண்டு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, விரயக் குறைப்பு, கைசென் (சிறு சிறு தொடர் மேம்பாடு), ஃபைவ் எஸ் (பணியிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் முறை) ஆகியவை பற்றி இரண்டு நாள் வகுப்பு நடத்தினோம். எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டோம். ஸ்பேனர் மாட்டும் பலகை செய்தோம். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இருப்பதைப் போலக் கூடம் சில வாரங்கள் பளிச்சென்று இருந்தது. அதன் பிறகு மஞ்சள் கோட்டின்மேல் வார்ப்படங்கள் ஏறிவிட்டன. பலகையில் பாதி ஸ்பேனர்கள் இல்லை.

முதலில் யாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், ஆர்டர் நெருக்கடிக்கு நடுவில் அதற்கு நேரம் எங்கிருந்து எடுப்பது, மொழி தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். மனநிலை மாற வேண்டும் என்ற பதிலை ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள். அதைத் தவிர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கணபதி, ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு மேலாளர்

ஐயா, வணக்கம். மஞ்சள் கோட்டின்மேல் வார்ப்படம் ஏறியதை ஒழுங்கின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இயந்திரங்கள் ஒரு நாளில் முடிக்கக்கூடியதைவிட அதிகமான வார்ப்படம், லாரி வாடகையை மிச்சப்படுத்துவதற்காக, ஒரே நடையில் வந்து இறங்குகிறது என்பதே அதன் பொருள். வைக்க இடமில்லாத சரக்கு கோட்டின்மேல்தான் ஏறும். அங்கே நிற்கும் ஹெல்பருக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் அது மாறாது. டொயோட்டாவில் இந்த விரயக் குறைப்பு முறைக்கு அடித்தளம் இட்ட தாய்ச்சி ஓனோ, மிகை உற்பத்தி, காத்திருப்பு, இடமாற்றம், தேவையற்ற வேலைப்பாடு, இருப்பு, வீண் அசைவு, குறைபாடு என ஏழு விரயங்களை வகுத்து, அவற்றுள் மிகை உற்பத்தியையே கொடியதாகக் கருதினார். தேவைக்கு முன்பே செய்து குவிப்பது மற்ற விரயங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். உங்கள் கூடத்தில் அந்தக் குவியலைத் தீர்மானிப்பவர்கள் நீங்களும் உங்கள் கொள்முதல் பிரிவும்தான். ஆகவே முதல் மாணவர் யார் என்ற கேள்விக்கு, சற்றுக் கடுமையாக இருந்தாலும், உரிமையாளர் என்பதே என் பதில்.

அடுத்து, தொழிலாளர்களுக்கான முதல் பாடம். ஏழு விரயங்களையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். காதால் கேட்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மதிய உணவு இடைவேளையில் எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும்போது, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, காற்றைப் பயன்படுத்தும் கருவிகளை மூடி, அவற்றுக்குப் போகும் குழாய் வழியின் வால்வுகளை மட்டும் திறந்தபடியே வைத்து, மூன்று பேரை அதன் அருகில் நிறுத்துங்கள். கம்ப்ரஸர் லோடில் (காற்றை அழுத்தி நிரப்பிக்கொண்டு) ஓடும் நேரத்தையும் அன்லோடில் (நிரப்பாமல் ஓய்ந்து) இருக்கும் நேரத்தையும் கைப்பேசியில் சில முறை குறிக்கச் சொல்லுங்கள். லோடில் ஓடிய நேரத்தை இரண்டு நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் கசிவின் சதவீதம் கிடைக்கும். உதாரணமாக, 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் ஓய்ந்தால், கம்ப்ரஸரின் திறனில் 25 சதவீதம் எந்த வேலையும் செய்யாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நல்ல பராமரிப்பு உள்ள இடத்தில் இது 10 சதவீதத்துக்குள் இருக்கும். பிறகு சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதே மூவரும் குழாய் இணைப்புகளைத் தேடட்டும். கிளிப்பை இறுக்கி, வெடித்த ஹோஸை மாற்றி, மறுநாள் அதே இடைவேளையில் மீண்டும் அளக்கட்டும். அளப்பது, காரணம் தேடுவது, சரிசெய்வது, திரும்ப அளப்பது என்ற சுழற்சி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. ஒரு ஸ்லைடும் தேவையில்லை, யாருடைய வேலையும் கெடுவதில்லை.

இரண்டாவது பாடம் செட்டிங் மாற்றம், அதாவது ஒரு ரகத்திலிருந்து அடுத்த ரகத்துக்கு இயந்திரத்தை மாற்றி அமைப்பது. உங்களைப் போலச் சிறு எண்ணிக்கையில் பல ரகங்கள் ஓட்டும் ஜாப் ஒர்க் கூடங்களில் பணம் அதிகமாகக் கரைவது இங்கேதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு சி.என்.சி. லேத்தில் கடைசி ஷாஃப்ட் இறங்கியதிலிருந்து அடுத்த ரகத்தின் முதல் நல்ல இம்பெல்லர் இறங்கும்வரை முழுவதையும், ஆபரேட்டரின் சம்மதத்தோடு, வீடியோ எடுங்கள். பிறகு அந்த ஆபரேட்டரையும் செட்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுப் பாருங்கள். சக்கில் ஜா (பீஸைப் பற்றிப் பிடிக்கும் தாடை) மாற்றுவதும், சாஃப்ட் ஜாவைப் பீஸின் அளவுக்குத் துளை எடுப்பதும், ஆஃப்செட் (டூலின் நிலைத் திருத்தம்) கொடுப்பதும் உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டுமே செய்யக்கூடியவை. ஆனால் ஆலன் கீயைத் தேடுவது, ஸ்டோரில் இன்சர்ட் (வெட்டும் முனை) கேட்டு நிற்பது, டிராயிங்கைப் பார்ப்பது, பிளக் கேஜ் (துளை அளவு பார்க்கும் கருவி) எடுத்து வருவது ஆகிய அனைத்தும் முந்தைய ரகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்திருக்க வேண்டியவை. இந்தப் பிரிப்புதான் ஜப்பானியத் தொழிற்பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ வகுத்த விரைவுச் செட்டிங் முறையின் உயிர். 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் நான்கு மணி நேரம் பிடித்த அச்சு மாற்றத்தை முதலில் தொண்ணூறு நிமிடத்துக்கும் பிறகு மூன்று நிமிடத்துக்கும் குறைத்தது இந்த வழியில்தான்.

வீடியோவில் இன்னொன்றையும் கவனியுங்கள். பல கூடங்களில் மிக நீண்ட துண்டு ஆபரேட்டருடையதாக இருப்பதில்லை. அவர் முதல் பீஸை எடுத்துக்கொண்டு தரக்கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கே இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போயிருக்க, கையில் பீஸோடு வாசலில் நிற்பதுதான் அந்தத் துண்டு.

பதில் 2: திருப்பூர், பனியன் கம்பெனி உற்பத்தி மேலாளர்

மேலே ஐயா எழுதியதில் பெரும்பகுதி எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் தொழிலாளர்களுக்குச் சம்பளம் ஷிப்ட் கணக்கிலா, பீஸ் ரேட்டிலா (செய்த எண்ணிக்கைக்குக் கூலி) என்பதைக் கேட்காமல் யாரும் உங்களுக்குப் பயிற்சித் திட்டம் சொல்ல முடியாது.

எங்கள் லைன்களில் பீஸ் ரேட் டெய்லர் ஒருவர், அடுத்த இயந்திரத்துக்குத் தேவையா இல்லையா என்று பார்க்காமல், தம்மால் முடிந்த அளவுக்கு அடித்துக்கொண்டே போவார். அவர் வருமானம் அதில் இருக்கிறது. ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் தோள்பட்டை இணைப்பு தப்பாகப் போனால், அந்தத் தப்பு பண்டல் பண்டலாகக் குவிந்து, அடுத்துள்ள ஃபிளாட்லாக் இயந்திரத்தையும் தாண்டிச் செக்கிங் மேஜைக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் நூற்றுக்கணக்கில் ஆல்டர் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியவை) சேர்ந்திருக்கும். இங்கே விரயம் பற்றி வகுப்பு எடுத்தால் டெய்லர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். நாங்கள் சொல்லிக் கொடுக்காமலே பலன் கிடைத்தது, பண்டலின் அளவைக் குறைத்தபோது. சிறு பண்டல் உடனே அடுத்த இயந்திரத்துக்குப் போகிறது, தப்பு உடனே திரும்பி வருகிறது, ஆல்டர் பிரிக்கும் கூலியில்லா நேரம் டெய்லருக்கே குறைகிறது. தம் நேரம் மிச்சமாவதைக் கண்ட பிறகு அவர்களே யோசனை சொல்லத் தொடங்கினார்கள்.

ஆகவே மேம்பாட்டின் லாபம் எங்கே போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். செட்டிங் நேரம் குறைந்ததும் அதே சம்பளத்துக்கு இரண்டாவது இயந்திரத்தையும் பார்க்கச் சொன்னால், மூன்றாவது யோசனை யாரிடமிருந்தும் வராது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எங்களிடம் ஷிப்ட் சம்பளம்தான். ஆனால் நீங்கள் சுட்டிய அச்சம் இங்கேயும் இருக்கிறது. வேலை சுருங்கினால் ஆளைக் குறைப்பார்கள் என்று செட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதாக அறிகிறேன். நல்ல யோசனைக்குப் பரிசுத் தொகை அறிவித்தால் இது மாறுமா?

பதில் 3: அரசூர், மனிதவளப் பயிற்சி அலுவலர்

வணக்கம். பரிசுத் தொகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். டொயோட்டாவே 1951-இல் தொடங்கிய யோசனைத் திட்டத்தை இன்றும் பரிசுகளோடு நடத்துகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அங்கே வந்த யோசனைக்குப் பதில் சொல்லவும், அதைச் செய்து பார்க்கவும் குழுத் தலைவர்கள் இருக்கிறார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்குப் பணம் கொடுத்தால், இதை நான் அல்லவா முதலில் சொன்னேன் என்ற சச்சரவுதான் மிஞ்சும். பரிசுக்குப் பதிலாக, வந்த யோசனை எதுவாக இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் செய்கிறோம், செய்யவில்லை என்றால் ஏன் என்று, சொன்னவரிடம் நேரில் பதில் கூறுங்கள். மேம்பாட்டின் காரணமாக யாரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டோம் என்பதையும் எழுதி, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டுங்கள். அதை ஒட்டுவதற்கு முன் நீங்கள் அதைக் காப்பாற்ற முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழி பற்றிய உங்கள் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொழில் தெரிந்த ஆண்கள் போருக்குப் போய்விட, தொழிலே தெரியாதவர்களை விரைவாகப் பழக்க வேண்டிய நிலையில் அமெரிக்க அரசு ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பயிற்சி முறைக்குள்ளும் கலந்தது. அதன் வேலை கற்பித்தல் பகுதியில் நான்கு படிகள்தான்: ஆளைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, செய்யச் சொல்லிப் பார்ப்பது, பிறகும் தொடர்ந்து கவனிப்பது. தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அத்திட்டத்தின் அடிப்படை வாக்கியம்.

நாங்கள் இதைச் செய்யும்போது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் தயாரிக்கிறோம். இடப்பக்கம் படியின் புகைப்படம், நடுவில் கவனிக்க வேண்டிய இடம், வலப்பக்கம் ஏன் என்ற காரணம். ஜாவை மாட்டுவதற்கு முன் பல் இடுக்கில் உள்ள பிசிறைத் துடைக்க வேண்டும் என்பது கவனிக்க வேண்டிய இடம். துடைக்காவிட்டால் ஜா சாய்ந்து உட்கார்ந்து ரன்அவுட் (பீஸ் மையம் விலகிச் சுழல்வது) வரும் என்பது காரணம். புதிதாக வந்தவர் காரணத்தைத் தம் மொழியில் திருப்பிச் சொல்லும்வரை தனியாக இயந்திரத்தில் நிற்கக் கூடாது. ஒடியா பேசுபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க, தமிழ் தெரிந்த மேற்பார்வையாளரைவிட, இங்கே சில ஆண்டுகள் இருந்து தமிழும் ஓரளவு பழகிய ஒடிசாக்காரர் ஒருவரே பொருத்தமானவர். தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போகிறவர்களில் எல்லோரும் திரும்புவதில்லை என்பதால், இந்தத் தாள்கள் இல்லாத கூடத்தில் ஒவ்வோர் ஆண்டும் மேம்பாடு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

பதில் 4: பல்லடம், தானியங்கித் தறி உரிமையாளர்

செலவு பற்றி யாரும் குறிப்பிடாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவண் அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 மார்ச்சில் புதுப்பித்துத் தொடங்கிய லீன் (விரயக் குறைப்பு) திட்டத்தில், அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று நிலைகள் உள்ளன. ஆலோசகர் கூடத்துக்கே வந்து வழிநடத்துவதற்கான கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆலோசகர் வந்தால், அவர் அலுவலக அறையில் அல்லாமல் லேத் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

இன்னொரு செய்தி: ஓனோ தம் வேலையைத் தொடங்கியது கார் தொழிற்சாலையில் அல்ல, டொயோடா குடும்பத்தின் நூற்பு-நெசவு ஆலையில். இழை அறுந்ததும் தானே நிற்கும் தறியை சாகிச்சி டொயோடா செய்ததனால்தான் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. தப்பு நேர்ந்ததும் நிற்க வேண்டும் என்ற பாடத்தை நம் பகுதி ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தறி ஓட்டியவர் எவரும் அதை அறிவார்.

கேள்வி கேட்டவர்

கம்ப்ரஸர் பாடத்தை வரும் வாரம் தொடங்குகிறேன். கணபதி ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும்: பேரிங் ஹவுசிங்கில் எல்லா ஆபரேஷனும் முடிந்து, கடைசியாக உள்துளை எடுக்கும்போது ப்ளோ ஹோல் (வார்ப்படத்துக்குள் காற்று அடைபட்டு உண்டான குழி) தெரிகிறது. பவுண்டரி (வார்ப்பாலை) வார்ப்படத்தை மாற்றித் தந்துவிடுகிறது. ஆனால் எங்கள் கடைசல் கூலி போய்விடுகிறது. இதையும் பயிற்சிப் பாடமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 5: கணபதி, ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு மேலாளர்

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவது பாடமாக வையுங்கள். கழிவான ஹவுசிங்குகளைப் பவுண்டரிக்கு உடனே திருப்பி அனுப்பாமல் இரண்டு வாரங்கள் ஒரு மேஜையில் வரிசையாக வைத்து, ப்ளோ ஹோல் தெரிந்த இடத்தை ஆபரேட்டர்களே சாக்பீஸால் வட்டமிடட்டும். வட்டங்கள் ஒரே பக்கத்தில் கூடினால், அந்த இடத்தைத் திறந்து காட்டும் ரஃப் போரிங்கை (முதல்கட்ட உள்துளைக் கடைசலை) முதல் ஆபரேஷனாகக் கொண்டுவர முடியுமா என்று செட்டரிடம் கேளுங்கள். முடிந்தால், கெட்ட வார்ப்படம் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். பின்னால் வரும் ஃபேசிங், டிரில்லிங், டேப்பிங் கூலி அனைத்தும் மிச்சம். எந்த முகத்தை ஆதாரமாக வைத்துப் பிடிக்கிறீர்கள் என்பது இதனால் மாறக்கூடும். எனவே ஒருமையத்தன்மையைச் சில பீஸ்களில் சரிபார்த்து, உங்களுக்கு ஆர்டர் தரும் பம்ப் நிறுவனத்தின் ஒப்புதலையும் பெற்ற பிறகே வரிசையை மாற்றுங்கள்.

பவுண்டரிக்கு டெபிட் நோட் (இழப்பைக் கணக்கில் கழிக்கும் சீட்டு) அனுப்புவதற்கு முன், அவர்களுடைய மோல்டிங் மேற்பார்வையாளரை ஒரு முறை அழைத்து, அந்த மேஜையின் முன் உங்கள் ஆபரேட்டர்களோடு நிறுத்துங்கள். மணலில் ஈரம் மிகுந்ததா, கோரில் (உள்வெற்றிடத்துக்காக வைக்கும் மணல் கரு) காற்றுப் போக்கி போதவில்லையா என்பதை, வட்டமிட்ட துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பேச அவருக்கும் அப்போதுதான் வாய்ப்புக் கிடைக்கும்.