புதுப்பிப்பு: காலேஜ் ஸ்டாஃப் ரைட்டிங் குரூப் என்னாச்சு

ரிசர்ச் பேப்பர் ஆரம்பிச்சு பாதில விடுற எங்க டிபார்ட்மென்ட் ஸ்டாஃப எழுத வைக்க ரைட்டிங் குரூப் எப்படி நடத்துறதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒருத்தர் டிராஃப்ட்ட இன்னொருத்தர் படிச்சு கருத்து சொல்றது எடுபடல, டிபார்ட்மென்ட் ஹெட் (ஹெச்ஓடி) உக்காந்திருந்தா யாரு வாயத் திறப்பா! வொர்க் ஆனது "பேசாம சேர்ந்து உக்காந்து எழுதுங்க"ன்னு சொன்னதுதான், ஆரம்பத்துல இன்னைக்கு எந்தப் பகுதின்னு ஒரு வரி சொல்லணும், 25 நிமிஷம் எழுத்து, 5 நிமிஷம் பிரேக், போன் பைக்குள்ள, கடைசியில எவ்ளோ ஆச்சுன்னு சொல்லிட்டு கெளம்பணும்.

எதிர்பாக்காதது, பிஎச்டி முடிச்சவங்கள விட லைப்ரேரியன்தான் ரெகுலரா வர்றார். அப்புறம் எந்த ஜர்னல்லாம் தரமானதுன்னு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வச்சிருந்த கேர் லிஸ்ட்ட 2025ல நிறுத்திட்டாங்கல்ல, எந்த ஜர்னலுக்கு அனுப்பறதுங்கற பேச்சே எழுதுற நேரத்த தின்னுச்சு, அத டீ டைமுக்கு தள்ளிட்டோம். செமஸ்டர் பேப்பர் திருத்துற சீசன்ல மட்டும் குரூப் படுத்துடுது.